காப்ஸ்யூலுக்கு லீவு

ரஞ்சனியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் முட்டாள்தனத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லை. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ஹெட் கிளார்க். பேர் லிங்கசாமி, சொந்த ஊர் அன்னூர். மலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. இன்னும் குளிரும் பழகவில்லை, கோபமும் குறையவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால், கொழுந்து கொட்டுகிற சீசனில், ஒரே வாரத்தில் முப்பது பேர் சளிக் காய்ச்சல் என்று சிக் லீவு கேட்டார்கள். அப்போதிருந்த மேனேஜர் என்னைப் பிடித்துக் காய்ச்சினார். எது நிஜக் காய்ச்சல், எது டிமிக்கி என்று ஒரு கிளார்க்குக்கு எப்படித் தெரியும்? யோசித்து ஒரு சட்டம் போட்டேன். டிஸ்பென்சரிச் சீட்டில் காப்ஸ்யூல் எழுதியிருந்தால் சம்பளத்தோடு லீவு. வெறும் வெள்ளை மாத்திரை என்றால் வேலைக்குப் போக வேண்டியதுதான். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, வாயால் சொன்னதோடு சரி. கம்பவுண்டர் ஆறுக்குட்டி இளகின மனசுக்காரர். ஒருத்தர் தளர்ந்துபோய் வந்து நின்றாலே ஆன்டிபயாடிக் காப்ஸ்யூல் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். என் ரிஜிஸ்டர் சுத்தமாக இருந்தது. எனக்கு அதில் பெருமை வேறு.

ஆறுக்குட்டி ஓய்வு பெற்ற பிறகு, போன ஆனி மாதம் டிஸ்பென்சரிக்கு நர்சாக வந்தவள்தான் ரஞ்சனி. இதே எஸ்டேட்டின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்த பெண். அம்மா கருப்பம்மா சின்னப் பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, வயசு வந்த நாள் முதல் இங்கே கொழுந்து பறிப்பவள். அப்பா இல்லை. கோயம்புத்தூரில் நர்சிங் படித்து, அங்கேயே நாலு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்த ரஞ்சனி அம்மாவுக்காகத் திரும்பி வந்தாள். மார்கழியோடு கருப்பம்மாவுக்கு வேலை முடிகிறது. எஸ்டேட்டில் யாருக்கும் வேலையில்லாத குடும்பம் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரஞ்சனிக்கு ஆறு மாத டிரையல். வேலை நிரந்தரமானால் வீடு தங்கும். இல்லாவிட்டால் தாயும் மகளும் சட்டி பானையைக் கட்ட வேண்டியதுதான்.

ஐப்பசி மழையில் சளிக் காய்ச்சல் லயம் லயமாக இறங்கியது. ரஞ்சனி ஒவ்வொருத்தரையும் தொட்டுப் பார்த்து, மூச்சை எண்ணி, புதன்கிழமை வரும் டாக்டரிடம் போனில் கேட்டு, உருண்டை எழுத்தில் சீட்டு எழுதினாள். “வைரஸ் காய்ச்சல். பாராசிட்டமால். மூன்று நாள் ஓய்வு.” காப்ஸ்யூல் கிடையாது. கெஞ்சியும் கிடையாது, சண்டை போட்டும் கிடையாது.

அந்தச் சீட்டுகள் என் மேஜைக்கு வந்தன. எல்லாவற்றையும் “செல்லாது” என்று திருப்பி அனுப்பினேன்.

காய்ச்சலோடு மழையில் கொழுந்து பறிக்கப் போனவர்களின் கோபம் யார் மேல் திரும்பும்? என் மேல் திரும்பவில்லை. “லயத்துல பொறந்தவ, நமக்கே மருந்து தர மாட்டேங்குறா, கொழுப்பப் பாரு” என்று ரஞ்சனியைத்தான் ஏசினார்கள். இதற்கு நடுவில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் பழனியாண்டிக்குக் கத்தி பட்டுக் காலில் சீழ் வைத்தது. ரஞ்சனி அவனை டாக்டரிடம் காட்டினாள், ஏழு நாள் காப்ஸ்யூல் வாங்கினாள், வேளை தவறாமல் வீட்டு வாசலுக்கே போய் நின்று விழுங்க வைத்தாள். கால் ஆறியது. “அவனுக்கு மட்டும் உண்டு, நமக்கு இல்லையாக்கும்?” என்று அதற்கும் ஒரு பேச்சு.

திருப்பி அனுப்பிய சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் அவளே ஆபீசுக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து ஃபீல்டு சூப்பர்வைசர் வசந்த்குமார் என் எதிரில் நின்றிருந்தான். ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் இலையெல்லாம் கொப்புள நோயாம். ஸ்டோரில் கோடையில் மிஞ்சின சிவப்புச் சிலந்தி மருந்து இருக்கிறதே, அதை அடித்துவிடலாமா என்று கேட்டான். எனக்கு வந்ததே ஆத்திரம்!

“ஏப்பா, கொப்புள நோய் காளானால வர்றது. சிலந்தி மருந்து அதை என்ன பண்ணும்? மருந்தும் வீண், ஆள் வேலையும் வீண். காளான் உன்னப் பாத்துச் சிரிக்கும். காப்பர் மருந்துக்கு எழுதிக் கொண்டா, போ!”

அவன் போனதும் ரஞ்சனி சீட்டுகளை மேஜையில் வைத்தாள். “சார், இப்ப வசந்த் அண்ணனுக்குச் சொன்னீங்களே, அதேதானுங்க நானும் சொல்றேன். காப்ஸ்யூல் பாக்டீரியாவுக்கு. இது வைரசுங்க. என்னத்துக்குச் சீட்டத் திருப்பறீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒப்புக்கொள்ள வாய் வருமா? “செடி வேற, மனுசன் வேறம்மா. ஆபீஸ்னா ஒரு சட்டம் இருக்குது. காப்ஸ்யூல் எழுதினாத்தான் லீவு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவ்வளவு நாளும் ஜனங்கள் எதற்காகக் காப்ஸ்யூல் காப்ஸ்யூல் என்று நின்றார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

கார்த்திகை பிறந்ததும் யூனியன் செயலாளர் பாண்டியன் அறுபத்து மூன்று கையெழுத்தோடு மனு கொடுத்தான். நர்சை மாற்ற வேண்டும் என்று. சனிக்கிழமை காலை ஆபீஸ் முற்றத்தில் வைத்துப் பேசி முடிவு செய்யலாம் என்றார் மேனேஜர்.

அன்றைக்குக் காலையில் என் சம்சாரம் வேலாமணி காப்பியை டொக்கென்று வைத்தாள். “ஏனுங்க, சட்டம் போட்டது நீங்க. ஊட்டக் காலி பண்ணிட்டுப் போறது அந்தப் புள்ளையா? நல்ல நாயமுங்க இது!”

“உனக்கென்ன தெரியும்?” என்றேன்.

“காய்ச்சலோட கருப்பம்மாக்கா தலையில சாக்கப் போட்டுட்டு மலையேறுனது தெரியுமுங்க” என்றாள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன்.

முற்றத்தில் நூறு பேர் இருக்கும். மேனேஜர் புதியவர், இளவயது, யார் என்ன சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார். கொழுந்து பறிக்கும் ராஜகுமாரி எல்லோருக்கும் முன்னால் வந்து கத்தினாள். “காய்ச்சல்னு போனா வெள்ள மாத்திரையும் சுடுதண்ணியுமாங்க? அதுக்கு எதுக்கு நர்சு?”

ரஞ்சனி குரலை உயர்த்தவில்லை. “அக்கா, போன வருசம் ஆறுக்குட்டி ஐயா குடுத்த காப்ஸ்யூல முழுசாச் சாப்ட்டீங்களா?”

ராஜகுமாரி பொய் சொல்லத் தெரியாதவள். “ரெண்டு முழுங்கினேன். வயிறு கடமுடான்னுச்சு. மிச்சம் டப்பாவுல கெடக்கு. அது லீவுக்கு வாங்கினதுதானே!”

கூட்டம் சிரித்தது. “எங்க ஊட்லயும் கெடக்குது” என்று ஒரு குரல். “நான் கோழிக்குக் கலக்கி வெச்சேன்” என்று இன்னொரு குரல். மேனேஜர் சிரிக்கவில்லை. “லீவுக்கா? யார் சொன்னது?” என்று கேட்டார்.

சட்டென்று எல்லா வாயும் மூடிக்கொண்டது. ஹெட் கிளார்க்கைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? நான் ரஞ்சனியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வேலையும் பிழைக்கும், வீடும் பிழைக்கும். அவள் தலையைக் குனிந்து நின்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பின்னால் கருப்பம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நான்தானுங்க சார்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் உரக்கச் சொன்னேன். “காப்ஸ்யூல் எழுதினாத்தான் லீவுன்னு சட்டம் போட்டது நான். இவங்க கேட்டது மருந்து இல்லீங்க. மூணு நாள் படுத்துக் கெடக்க லீவு. அந்தப் புள்ள சரியாத்தான் எழுதுச்சு, நான்தான் திருப்பி அனுப்பினேன்.”

பாண்டியன் மனுவைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். “அப்ப எதுக்குத்தான் காப்ஸ்யூல்? அதச் சொல்லு தாயி” என்று ரஞ்சனியைக் கேட்டான். இந்தத் தடவை அவன் குரலில் காரம் இல்லை.

“பாக்டீரியா தனியா ஒரு உயிருண்ணா. அதுக்குன்னு சுவரு இருக்கு, சமையல் இருக்கு. காப்ஸ்யூல் அந்தச் சுவத்த இடிக்கும், இல்லேன்னா சமையலக் கெடுக்கும். பழனியாண்டி அண்ணன் கால்ல இருந்தது அதுதான். வைரசுக்குச் சுவரும் இல்ல, அடுப்பும் இல்ல. நம்ம உடம்புக்குள்ள பூந்து நம்ம அடுப்புலயே சமைச்சுத் தின்னும். காப்ஸ்யூல் போய் எத இடிக்கும்? அத வெரட்டறது நம்ம உடம்புதான். அதுக்குத்தான் ஓய்வு கேக்கறேன். வீணா முழுங்கினா இருக்கற பாக்டீரியா அந்த மருந்துக்குப் பழகிரும். நாளைக்கு நெசமா ஒரு சீழு வெச்சா கேக்காது. மூணு நாள்ல காய்ச்சல் எறங்கலேன்னா, மூச்சு வாங்குச்சுன்னா, உடனே என்கிட்ட வாங்க. டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்.”

அன்று மதியமே டப்பாக்கள் வரத் தொடங்கின. பிஸ்கட் டப்பா, மஞ்சள்தூள் டப்பா, சுருக்குப் பை. என் மேஜை மேல் சிவப்பும் மஞ்சளுமாகக் குவிந்து கிடந்த அத்தனையும் நான் கொடுத்த லீவுகள். புதன்கிழமை டாக்டர் முறைப்படி அழிப்பதற்காக எடுத்துக்கொண்டு போனார். நர்சு ஓய்வு என்று எழுதினால் அது லீவு என்று மேனேஜர் போர்டில் எழுதி ஒட்டச் சொன்னார். என் கையாலேயே எழுதினேன்.

மார்கழியில் ரஞ்சனியின் நிரந்தர ஆர்டரை நான்தான் டைப் அடித்தேன். பியூனிடம் கொடுக்க மனசில்லை. உடம்பு வலி, மூக்கில் ஒழுகல், அதோடு லயத்துக்கு நடந்தேன். கதவைத் திறந்த கருப்பம்மா என் முகத்தைப் பார்த்ததும் கேட்டாள். “என்னா கணக்கப்பிள்ளை ஐயா, மூஞ்சி செவந்து கெடக்கு? புள்ளகிட்டச் சொல்லி ஒரு காப்ஸ்யூல் எழுதித் தரச் சொல்லவா?” அடுத்த வீட்டு ஜன்னலில் ராஜகுமாரி விழுந்து விழுந்து சிரித்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ரஞ்சனி ஆர்டரைப் படித்துவிட்டு அம்மா கையில் கொடுத்தாள். கருப்பம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தைத் தடவிப் பார்த்தாள். “வீடு?”

“வீடுந்தாம்மா. எங்கயும் போக வேண்டாம்.”

கருப்பம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளிக்கலாம், ஆனால் பொய்.

நான் நழுவப் பார்த்தேன். ரஞ்சனி விடவில்லை. தெர்மாமீட்டரை வாயில் வைத்தாள், மூச்சை எண்ணினாள், சீட்டை எடுத்து எழுதி நீட்டினாள். “வைரஸ் காய்ச்சல். மூன்று நாள் ஓய்வு.”

“மாசக் கடைசிம்மா, சம்பளப் பட்டியல் போடோணும்...”

“சார், இந்தச் சீட்டு செல்லுங்களா, செல்லாதுங்களா?”

இருபத்திரண்டு வருஷத்தில் நான் எடுக்காத லீவு. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

“செல்லும்” என்றேன்.