காயாத மஞ்சள் கயிறு

இது நடந்தது. நம்பாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். சாமி படத்துக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவில் அந்தக் கயிறு இருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம். இப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.

போன ஐப்பசியில் அம்மாவை ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். அம்மா பெயர் சாமியம்மாள். தீட்டு நின்று இரண்டு வருடம் கழித்து மறுபடி ரத்தம் போனது. கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று சதைப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அது உள்ளேயே இருக்கிறதா, வெளியே பரவிவிட்டதா என்பது எம்.ஆர்.ஐ. படத்தில்தான் தெரியுமாம். உள்ளேயே இருந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். பரவியிருந்தால்… டாக்டரம்மா அதற்கு மேல் சொல்லவில்லை.

அப்பா குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருந்தார். போன் எடுக்கவில்லை. துணைக்கு நான் மட்டும். பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு எனக்கு வெளி ஆட்களிடம் பேசும் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

எங்கள் முறை வந்தபோது மாலை ஆறே கால். வெளியே மழை. அம்மாதான் கடைசி ஆள். ஸ்கேன் எடுக்கும் செழியன் அண்ணன், உள்ளே பெரிய காந்தம் இருக்கிறது, உடம்பில் ஒரு குண்டூசி கூட இருக்கக் கூடாது என்றார். மெட்டியைச் சோப்புப் போட்டுக் கழற்றினோம். தாலி என்றதும் அம்மா இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"வெறுங்கழுத்தோட படுக்க மாட்டேன். அவரு எங்கியோ கெடக்கறாரு. எதனா ஆச்சின்னா?"

"காந்தம் இழுத்துச்சின்னா உங்க வூட்டுக்காரரு வந்து என்னைத்தாம்மா கேப்பாரு" என்றார் அண்ணன். மற்ற பெண்கள் தாலிக்குப் பதிலாக மஞ்சள் கிழங்குத் துண்டைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு வருவார்களாம். எங்களுக்கு அது தெரியாது. கடைத்தெருவுக்குப் போய்வர நேரமில்லை. இன்று விட்டால் அடுத்த மாதம்தான்.

அம்மா பையைத் தூக்கிக்கொண்டாள். "வாடி, வூட்டுக்குப் போலாம்."

எனக்கு அழுகைதான் வந்தது. யாரைக் கேட்பது…

அப்போதுதான் பெஞ்சின் மறுகோடியில் அந்த அக்காவைப் பார்த்தேன். முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடியிருந்தாள். இரண்டு காதிலும் பஞ்சு. மெஷின் சத்தத்துக்காகப் பஞ்சு கொடுப்பார்கள். ஸ்கேன் முடித்து வந்தவள் என்று நினைத்தேன்.

அவள் தன் கழுத்திலிருந்த, மஞ்சள் கிழங்கு கோத்த மஞ்சள் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றி நீட்டினாள்.

"இத கட்டிக்கினு போவச் சொல்லு. நான் போவாம வுட்டுட்டேன்."

ஸ்கேன் எடுக்காதவளுக்குக் காதில் எதற்குப் பஞ்சு? அப்போது தோன்றவில்லை.

கயிறு சில்லென்று நனைந்திருந்தது. மஞ்சள் கயிறு போதாமல் கருப்புக் கயிற்றை ஒட்டுப் போட்டிருந்தார்கள். அம்மா கண்ணை மூடித் தலையைக் குனிந்தாள். மாட்டிவிட்டேன். தாலியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கதவு மூடியது.

டக்… டக்… டக்…

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வந்த சத்தம் கேட்கவில்லை.

மண் வாசனை. மழையால் என்று நினைத்தேன். ஆனால் அவள் புடவை நனையவே இல்லை.

"வலிக்குதாக்கா?"

"இப்ப இல்ல."

டக்… டக்…

சத்தம் நின்றது.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

பெஞ்சில் ஒரு பிடி ஈர மண்.

மறுவாரம் ரிப்போர்ட் வாங்கப் போனோம். பரவவில்லை. ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். அம்மா தாலியோடு அந்தக் கயிற்றையும் கழுத்திலேயே வைத்திருந்தாள். அங்கே கூட்டிப் பெருக்கும் அமிர்தம் அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யார் கொடுத்தது என்று கேட்டாள். சொன்னேன். துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வடக்கனந்தல்ல எங்க தெரு பொண்ணு, மணிமொழி. அவளுக்கும் இதே நோவு. தாலிய கழட்ட மாட்டேன்னு ஸ்கேன் எடுக்காமலே போயிட்டா. ஆடி மாசம் பொதைச்சோம்."

அமிர்தம் அக்கா அம்மாவின் கழுத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"குழியில எறக்கறதுக்கு முன்னாடி தங்கத்த அவுத்துக்கினாங்க. வெறுங்கழுத்தா அனுப்பக் கூடாதுன்னு நான்தான் மஞ்சள கட்னேன். கயிறு பத்தல. கருப்பு கயித்த ஒட்டுப் போட்டேன்."

குரல் இறங்கிவிட்டது.

"காதுல பஞ்சு வெச்சதும் நான்தான். மூக்குலயும்…"