உரம் போடாத பாத்தி

செல்வகுமாரி ஓடிப்போய்விட்டாளாமா? சொல்கிறவள் வாயில் புழுதி விழ! காலையில் போனவளைப் பற்றி மத்தியானத்துக்குள் இத்தனை கதையா? புருஷன் இல்லாதவள் என்றால் எதையும் பேசிவிடலாமோ? பக்கத்து வீட்டுக்காரி நான் சொல்கிறேன், கேளுங்கள்.

மனக்கவலையில் தூக்கம் கெட்ட பொம்பளைகளுக்காக டவுனிலிருந்து இளவரசி என்ற பெண் கரிக்கலாம்பாக்கத்துக்கு வந்தாள். கீழத்தெருக்காரிகளை உட்காரவைத்து, மூச்சை இழுத்து மெல்ல விடவும், மனசில் கிடப்பதை வாய்விட்டுச் சொல்லவும் பழக்கினாள். மேலத்தெருவில் மட்டும், "நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்பதோடு சரி.

"மேலத்தெருவுக்கு ஏன்மா ஓரவஞ்சன?" என்று கேட்டவளே கீழத்தெருச் செல்வகுமாரிதான்.

"ஒரு பாத்திக்கு உரம் போட்டு, ஒண்ண சும்மா வுட்டாத்தானே அக்கா, உரம் வேல செஞ்சுதான்னு தெரியும்? அறுப்பு முடிஞ்சா அவங்களுக்கும் சொல்லித் தருவேன். அதுவரைக்கும் அவங்ககிட்ட வாயத் தொறக்காதீங்க."

குலசாமி மேல் சத்தியம் செய்தாள் செல்வகுமாரி.

நடவுக்கு ஏது கீழத்தெரு, மேலத்தெரு? ஒரே வரிசை, ஒரே சேறு. மகனை வண்டி விபத்தில் பறிகொடுத்த மேலத்தெருக் குப்பு நாற்றும் கையுமாக அழுவாள். பக்கத்தில் குனிந்து நடுகிற செல்வகுமாரி எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்?

"மூச்ச இழு குப்பு. இப்ப மெதுவா வுடு."

வரிசையே மூச்சை இழுத்து விட்டது.

"இன்னாம்மா, எல்லாம் புள்ள பெக்கற மாதிரி ஊதறீங்க?" என்றார் வரப்பில் நின்ற நிலத்துக்காரர் தணிகைவேல்.

"நீ எறங்கி வந்து பெத்துப் பாரு மாமா!"

அறுப்பு முடிந்ததும் கோயில் வாசலில் கூட்டிவைத்துச் சொன்னாள் இளவரசி, முகம் வாடி: "ரெண்டு தெருவும் ஒரே மாதிரிதான் தேறியிருக்கு. எங்க பயிற்சியால ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சு. மத்த ஊருக்கெல்லாம் இது வேணாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க."

செல்வகுமாரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அதன்பிறகு தெருக்குழாய்க்குக்கூட வரமாட்டாள். ஆளைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். நேற்றுக் குப்பு தேடி வந்தாள்.

"உன்னாலதான்டி நான் தூங்கறேன்."

"அதான்டி என்னைக் கொல்லுது. உன்ன மாதிரி அழற எத்தன பேருக்கு இது கெடைக்காம பண்ணிட்டேன்!"

இன்று விடியலில் நான் வாசல் தெளிக்கும்போது நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்கடி?"

"டவுனுக்கு ஆயா. அந்தப் பொண்ணு முன்னாடி நின்னு, சத்தியத்த மீறிட்டேன், சும்மா வுட்ட பாத்திலயும் நாந்தான் உரத்தப் போட்டேன்னு சொல்லிடறேன். காறித் துப்பினாலும் துப்பட்டும். கோழியப் பாத்துக்கோ."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஓடிப்போகிறவள் கதவைத் திறந்து போட்டுவிட்டா போவாள்?