நாதோகா தலைவரின் மார்பணி

ஆக்லாந்தில் ஏதோ ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நாதோகா தலைவரின் மார்பணி இருக்கிறதாம். பார்த்தவன் சரக்குக் கப்பல் சமையற்காரனின் மச்சினனாம். அவன் சமையற்காரனிடம் சொல்ல, சமையற்காரன் மாலுமியிடம் சொல்ல, மாலுமி கொப்பரை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களிடம் சொன்னான். முதுகில் மூட்டையோடு நின்றிருந்த எமோசியின் காதுக்கு அது வந்து சேர்ந்த வழி இதுதான்.

"அட போப்பா," என்றான் ஒருவன். "அது இந்தா நிக்கிறாரே, இவரு வீட்டு உத்தரத்துல தொங்குது. ஆக்லாந்து போக அதுக்கு யாரு டிக்கெட் எடுத்துக் குடுத்தது?"

எல்லோரும் சிரித்தார்கள். எமோசியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய், மூட்டையைக் கொப்பரை அடுக்கில் போடாமல் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் போட்டுவிட்டு வந்தார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. லாவ் தீவுகளில் கிழக்கோரமாகக் கிடக்கும் இந்த நாதோகாத் தீவைவிட்டு அவர் நான்கே முறை தலைநகர் சூவாவுக்குப் போயிருக்கிறார். அதில் மூன்று ஆஸ்பத்திரிக்கு. தேங்காய் உடைத்துக் கொப்பரை காயவைப்பார், திருக்கைக்கு வலை போடுவார், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து மரமுரசை அடிப்பார். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தலைவரின் மார்பணியைக் காப்பது. அது அவருடைய குலத்துக்கு விதிக்கப்பட்டது. சபை கூடும்போது தலைவருக்கு வலப்பக்கத் தூணருகே அந்தக் குலம் உட்காருவதும், ஆமை பிடிபட்டால் தலைவருக்கு அடுத்த பங்கு அவர்கள் வீட்டுக்கு வருவதும் அதனால்தான். எமோசியின் இருபத்தேழாம் வயதில் ஒரு காலை அப்பா மார்பணிப் பொதியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனார். மறுநாள் படகு மட்டும் வந்தது.

மார்பணி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துச் சேர்த்துவைத்த அகலம் இருக்கும். நடுவில் கருமுத்துச் சிப்பி. லேசாகச் சாய்த்தால் அதற்குள் பச்சையும் ஊதாவும் ஓடும். சுற்றிலும் திமிங்கலப் பல்லை அறுத்து இழைத்த தகடுகள், பழைய தேனின் நிறத்தில். சிப்பியும் தகடும் சேருகிற இடத்தில் மயிரிழை நுழையாது. முன்பக்கம் ஒரு கட்டும் தெரியாது. பின்பக்கம் திருப்பினால்தான் தேங்காய் நார் முடிச்சுகள் தெரியும். படகுத் தச்சர்கள் பலகையோடு பலகை தைப்பதுபோலவே தைத்தது. வருடத்துக்கு ஒரு முறை, வள்ளிக்கிழங்கு அறுவடையன்று, கதவைச் சாத்திக்கொண்டு அதற்கு எண்ணெய் தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் பல் வெடித்துவிடும். தேய்த்து, மரப்பட்டைத் துணியில் சுற்றி, மறுபடி உத்தரத்தில் ஏற்றிவிட வேண்டும். தலைவர் மார்பில் ஏறும்வரை வேறு யார் கண்ணும் அதில் படக்கூடாது.

பழைய தலைவர் இறந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. அடுத்த தலைவர் அண்ணன் பிள்ளையா தம்பி பிள்ளையா என்று வழக்கு நடந்தது. எட்டு வருடமாக மார்பணிக்கு மார்பு இல்லை. அதனால்தான் அது இல்லாமற்போனதும் யாருக்கும் தெரியவில்லை.

அது போனது நான்கு வருடத்துக்கு முன்னால், எமோசியின் மனைவி உனைசி செத்த மூன்றாம் நாள்.

துக்கத்துக்கு வருகிறவர்கள் கயிறு கட்டிய திமிங்கலப் பல்லோடு வருவார்கள். பல்லை இரு கையிலும் ஏந்திக்கொண்டு, இறந்தவரைப் பற்றிப் பேசி முடித்து நீட்டுவார்கள். வாங்குகிறவர் பேச்சு முழுவதையும் கேட்ட பிறகே கையை நீட்ட வேண்டும். ஏனென்றால் பல்லைத் தொட்டவன் அதோடு வந்த வேண்டுகோளையும் தொட்டுவிட்டான். அப்புறம் இல்லை என்கிற பேச்சே கிடையாது. எமோசிக்காகப் பல் வாங்க வேண்டியவர், தலைவருக்காகச் சபையில் பேசுகிறவரும் எமோசியின் மச்சானுமான பெதெலி. அந்த நேரம் பெதெலி, மண்ணடுப்பில் பன்றி வெந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தார். ஊரே சாப்பாட்டுக் கொட்டகையில் இருந்தது. மூன்று இரவு தூங்காத எமோசி மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் சவேனாக்கா வந்தான். பழைய தலைவரின் தங்கை மகன். சூவாவில் வேலை, அடிக்கடி ஆக்லாந்துப் பயணம். தாய்மாமன் ஊரில் மருமகன் கேட்டால் தர மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் கட்டியிருக்கிற பன்றியை அவிழ்த்துக்கொண்டு போனாலும் சிரித்துக்கொண்டே கயிறு எடுத்துக் கொடுக்க வேண்டும். அவன் பல்லை ஏந்தி, உனைசியின் கைமணத்தைப் பற்றி, அவள் போட்ட மீன்சாற்றைப் பற்றி நிதானமாகப் பேசினான். எமோசிக்கு அந்தக் குரல் மட்டும் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. அன்று காலையிலிருந்து பெதெலி வாங்கித் தந்த நாற்பது பல்லைப் பிடித்த கைகள். நாற்பத்தொன்றாவதையும் தாமாகவே நீண்டு வாங்கிக்கொண்டன.

வாங்கிய பிறகு சவேனாக்கா பேச்சை முடித்தான். "உத்தரத்துல இருக்கிறதைக் கொஞ்ச நாள் எங்க பக்கம் அனுப்பிவைங்க மாமா. பின்னால ஒரு முடிச்சு தளர்ந்திருக்குன்னு அம்மா சொல்லுவாங்க. சரிபண்ணி கிறிஸ்துமஸ் கப்பல்ல நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

கொடுத்த சொல்லைத் திரும்பப் பெற ஒரே வழி, தன்னுடைய பல் ஒன்றை அவன் முன்னால் வைத்து, பொறுத்துக்கொள் என்று கேட்பது. எமோசியிடம் இரண்டு பல் இருந்தன. இரண்டையும் அன்று காலைதான் உனைசியின் அண்ணன்களுக்குக் கொடுத்திருந்தார். துக்கத்துக்கு வந்தவையோ அவளுடைய குலத்துக்குப் போய்ச்சேர வேண்டியவை. அவர் கையில் மிஞ்சியது, வேண்டுகோளோடு வந்த சவேனாக்காவின் பல் ஒன்றுதான். அவன் கொடுத்ததையே அவனிடம் எப்படி நீட்டுவது? முக்காலியில் ஏறி மார்பணியை இறக்கி அவனிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் எமோசி வெறும் துணியைச் சுற்றிப் பார்த்தார். பொதி தொய்ந்தது. கீழிருந்து பார்க்கிற கண்ணுக்குக் கனமும் வட்டமும் தெரிய வேண்டுமே. அடுக்களையில் உனைசி சாப்பிடுகிற எனாமல் தட்டு கவிழ்ந்து கிடந்தது. வெள்ளை, நீல விளிம்பு, ஓரத்தில் சில்லு பெயர்ந்தது. அதைச் சுற்றி மேலே ஏற்றினார்.

முதல் கிறிஸ்துமஸில் சவேனாக்கா போனை எடுத்தான். "அடுத்த கப்பல் மாமா." அடுத்த வருடம், "தச்சனுக்கு உடம்பு சரியில்ல மாமா." அதற்கடுத்த வருடம் மணி அடித்து ஓய்ந்தது. ஆனால் ஒவ்வொரு அறுவடையன்றும் எமோசி கதவைச் சாத்திக்கொண்டு, உனைசியின் தட்டுக்கு எண்ணெய் தேய்த்தார். சாத்திய கதவுக்கு வெளியே எண்ணெய் மணம் போக வேண்டும். ஊர் அதற்காகக் காத்திருக்கும்.

"அம்மா இதைப் பார்த்திருந்தா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சிருப்பாங்க," என்றாள் மகள் வசிதி. அவளுக்கு மட்டும் தெரியும். அன்று திரைக்குப் பின்னால் பாய் மடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். "இன்னும் எத்தனை வருஷம்ப்பா தட்டுக்குத் தைலம்? பெதெலி மாமாகிட்ட சொல்லிடுங்க."

"வழக்கு முடியட்டும்."

வழக்கு முடிந்துவிட்டது. தம்பி பிள்ளை ஜெயித்தார். அடுத்த வியாழக்கிழமை பதவியேற்பு. ஊரெல்லாம் பெண்கள் பாய் முடைந்துகொண்டிருந்தார்கள்.

கப்பல் போன மறுநாள் மத்தியானம் பெதெலி வந்தார். மச்சான்மார் இருவரும் நாற்பது வருடமாக ஒருவரோடொருவர் மரியாதையாகப் பேசியதில்லை. பேசினால்தான் சண்டை என்று ஊர் நினைக்கும்.

"என்ன மச்சான், ஆக்லாந்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருப்பேன்னு பார்த்தா இங்க குந்திக்கிட்டு இருக்கே?"

"உன் மூஞ்சியை வச்சா கண்ணாடி வெடிச்சிரும்னு திருப்பி அனுப்பிட்டாங்க," என்றார் எமோசி. நாக்கு பழக்கத்தில் சொன்னது.

பெதெலி சிரித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். "சரி, கேளு. அந்தக் கதை பெரிய வீடு வரைக்கும் போயிடுச்சு. புதுத் தலைவரோட அம்மா காலையில சாப்பிடல. செவ்வாய்க்கிழமை எறக்குறதா இருந்ததை இன்னிக்கே எறக்கு. நான் கண்ணால பார்த்துட்டுப் போய்ச் சொல்றேன். எல்லாம் வாயை மூடிக்குவாங்க."

"இன்னிக்கேவா?"

"ஏன், எண்ணெய் காயலியா? இந்த வருஷம் வாசம் எங்க வீடு வரைக்கும் வந்துச்சே."

வசிதி அப்பாவைப் பார்த்தாள். எமோசி எழுந்து, முக்காலியில் ஏறி, பொதியை இறக்கினார். நடுவில் வைத்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். கடைசி மடிப்பு விலகியதும் நாலு வருட எண்ணெய் குடித்த எனாமல் தட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பளபளவென்று மின்னியது.

பெதெலி ஒரு கணம் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். "அடப்பாவி! சாவுற வயசுல உனக்கு இந்தக் குசும்பு! இதைப் புதுத் தலைவர் மார்புல கட்டினா கிழங்கை அதுலயே வச்சுச் சாப்பிடுவாரு. சூப்பர் மச்சான், தோத்துட்டேன். போதும், நெசமானதை எடு."

எமோசி எடுக்கவில்லை.

"எடுய்யா. பன்றியைச் சுட விட்டுட்டு வந்திருக்கேன்."

"அதுதான் இது," என்றார் எமோசி.

சிரிப்பு பெதெலியின் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, இறங்க வழி தெரியாததுபோல. அவர் வசிதியைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தாள்.

எமோசி பெட்டியைத் திறந்து சவேனாக்காவின் பல்லை எடுத்தார். இடுப்பில் கட்டியிருந்த சூலுவைச் சரிசெய்துகொண்டு, மண்டியிட்டு, பல்லை இரு கையிலும் ஏந்தினார். துக்க நாளைச் சொன்னார். தூங்காத மூன்று இரவைச் சொன்னார். மண்ணடுப்புக்குப் போனவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "என் கை பேச்சைக் கேக்குறதுக்கு முன்னாடி நீண்டுடுச்சு. என் குலத்தை விட்டுருங்க, என் மகளை விட்டுருங்க. என் தலையை எடுத்துக்கோங்க. இந்தப் பல்லை வாங்கி, தலைவர்கிட்ட என் மன்னிப்பைக் கொண்டுபோங்க."

அவர் பெதெலியை நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பெதெலியின் இரண்டு கைகளும் மெல்ல முழங்காலுக்குப் போயின. அங்கே போய் விரல்கள் மடங்கிக்கொண்டன. அந்தக் கை நீண்டு பல்லைத் தொட்டுவிட்டால் மன்னிப்பும் சேர்ந்து வாங்கப்பட்டுவிடும். அது அவருக்கும் தெரியும், எமோசிக்கும் தெரியும்.

"இது யார் குடுத்த பல்லு?"

எமோசி சொன்னார்.

"நானும் அன்னிக்குப் பன்றியைப் பார்க்கப் போயிருக்கக் கூடாது," என்றார் பெதெலி, தரையைப் பார்த்துக்கொண்டே. பிறகு வேறொரு குரலில், சபையில் பேசுகிற குரலில், சொன்னார்: "இதை வாங்கிட்டுப் போனா வியாழக்கிழமை தலைவரு வெறும் மார்போட உக்காரணும். வாங்காமப் போனா உங்க ஆளுங்க யாரும் அந்தத் தூண்கிட்ட உக்கார முடியாது. என்னை எதையும் தொட வைக்காதீங்க. முதல்ல அந்தப் பையனுக்குப் போன் போடுங்க. பொருள் எங்க இருக்குன்னு அவன் வாயால சொல்லட்டும். அப்புறம் என் கையைப் பத்தி யோசிப்போம்."

இப்போது அவரும் நீங்கள் என்றார்.

வீட்டில் சிக்னல் கிடைப்பது ஜன்னல் சட்டத்தின் இடது மூலையில் மட்டும். வசிதி போனை அங்கே சாய்த்து வைத்து, எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டினாள். மணி போனது. வெளியே பாய் முடைகிற பெண்கள் எதற்கோ சிரித்தார்கள். மணி போய் நின்றது. வசிதி மறுபடி அழுத்தினாள்.

எமோசி பல்லை ஏந்தியபடியே மண்டியிட்டிருந்தார். ஏந்தியதைப் பதில் வராமல் கீழே வைக்கக் கூடாது. பல்லின் நார்க்கயிறு தட்டின் விளிம்பில் பட்டும் படாமலும் ஆடியது. பெதெலி அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் முழங்காலில் மடங்கியபடியே இருந்தன.

"எடுக்க மாட்டேங்கிறான்ப்பா."

"திரும்பப் போடு."

அவள் போட்டாள். ஜன்னல் மூலையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.