பொட்டு வைத்த பழைய பெட்டி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மன்னிக்கணும். அஞ்சாவதோடு நின்றவள். நடுநடுவே மறந்தும் போகிறது.

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. கம்ப்யூட்டர் லைன் பார்க்கிற வேலை என் மகளுக்கும் அங்கேயே கிடைத்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம். உள்ளே போனதும் நான் அவளிடம் பேச மாட்டேன். கூச்சம்தான். ஒரு வருஷம் புகார் இல்லாமல் ஓட்டினால் அவள் வேலை நிரந்தரம் என்றார்கள். இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி.

ஆயுத பூஜைக்கு அவள் அறையைத் துடைத்தேன். கம்ப்யூட்டர்களை இணைக்கிற பெட்டிக்கு சுவிட்ச் என்று பேர். இரண்டாம் மாடிக்காகப் புதுசு ஒன்று மேஜையில் இருந்தது. அதே மாதிரி பழசு ஒன்று பீரோவில். அதன் மேல் இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருந்த சீட்டு ஒரே அழுக்கு. ஈரத்துணியால் தேய்த்து எடுத்துவிட்டேன். இரண்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். பூஜை முடிந்து ஒன்றை மேஜையிலும் ஒன்றைப் பீரோவிலும் வைத்தேன். எது எதுவென்று பார்க்கவில்லை.

லீவு முடிந்து வந்து, மேஜையில் இருந்ததை மகள் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் லேபிலிருந்து போன். ரிசல்ட் போகவில்லையாம். அப்புறம் மருந்துக் கடை, பில் போடுகிற இடம், எல்லாமே நின்றுவிட்டது.

"ஏம்மா, பூஜை போட்டும் சாமி கோவிச்சுக்கிச்சா?" என்று மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்துக் கேட்டார்: "இந்தப் பெட்டிய எங்கேருந்தும்மா எடுத்தே?"

"மேஜையிலதான் சார் இருந்துச்சு."

"பழசுன்னு சீட்டு ஒட்டியிருக்குமே?"

மகள் பெட்டியில் இருந்த பொட்டைப் பார்த்தாள். வாசலில் மாப்போடு நின்ற என்னையும் பார்த்தாள். நான் குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நான்தான் சார் பார்க்காம மாட்டிட்டேன்" என்றாள்.

சாயங்காலம் பஸ்ஸில் அவளே சொன்னாள். லேபுக்கு ஒரு பாதை, பில்லுக்கு ஒரு பாதை என்று பிரித்து ஒரு பட்டியல் இருக்குமாம். அதை ஒரு பெட்டி மற்ற பெட்டிகளுக்குத் தானாகவே சொல்லிவிடுமாம். வாங்கும்போதே அப்படித்தான் வருமாம். பட்டியலை எத்தனை தடவை மாற்றினார்கள் என்று ஒரு நம்பர் உண்டு. யாருடைய நம்பர் பெரிசோ அதை மற்றவை நம்பிவிடும். அந்தப் பழசு முன்பு இதே ஆஸ்பத்திரியில் இருந்ததுதான். பழகிப் பார்க்க வைத்துக்கொண்டு அதில் பட்டியலை எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறார்கள், அதனால் அதன் நம்பர்தான் பெரிசு. அதன் பட்டியலை எல்லாப் பெட்டியும் எடுத்துக்கொண்டதில் லேப், மருந்துக் கடை, பில் எல்லாவற்றின் பாதையும் இல்லாமல் போயிற்று. அவள் மத்தியானம் வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதிச் சேர்த்தாள்.

"பழசுன்னா அதுல உள்ள பட்டியல அழிச்சிட்டுதான் மாட்டணும்மா. புதுசுன்னு நினைச்சிட்டேன்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை நிரந்தரமாகவில்லை. இப்போது சென்னையில் இருக்கிறாள். சீட்டை எடுத்தது நான் என்று அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

பெட்டி விஷயம் தெரிந்தவர்கள் யாராவது, நான் எழுதியது சரியா என்று பார்த்துத் திருத்துங்கள். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.