கமராவில் ஒட்டிய பொட்டு

வெம்பிளி சபாரத்தினம் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஊரில் இலங்கை ஆமிக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தவர். லண்டனில் ஒரு ஆர்ப்பாட்டம் விடாமல் கொடி பிடித்தவர். அதனால், பின்னேரம் சாப்பிடும் நேரத்தில் மேசைக் கம்ப்யூட்டரின் கமராப் பக்கம் பச்சை வெளிச்சம் தானாக எரிவதைக் கண்டதும் அவர் அதிகம் யோசிக்கவில்லை. கொழும்பிலிருந்து யாரோ வேவு பார்க்கிறார்கள்.

ஆள் தனிக்கட்டை. மனைவி பாலாம்பிகை போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் சுஜீத், தான் விரும்பியவளைத்தான் கட்டுவேன் என்று நின்ற அன்று, "இனி இந்தப் பக்கம் தலை காட்டாதை" என்று கத்தியவர் இவர்தான். அவன் வாங்கி மேசையில் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் மட்டும் வீட்டில் மிஞ்சியது.

பாலாம்பிகையின் பொட்டு மட்டை கண்ணாடிக்கு முன்னால் அப்படியே கிடந்தது. அதில் பெரிய பொட்டாகப் பார்த்து உரித்துக் கமராவை மூடினார். அன்றைக்கே நம்பர் காட்டாத போன் ஒன்று வந்தது. எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது. வேவுக்காரனுக்குச் சூடு பட்டுவிட்டது என்று இவருக்கு ஒரே புளுகம், சந்தோசம். கூடவே கோபமும் வந்தது. கோபம் வந்தால் அவர் வாயில் வருவது ஒரே வசனம்தான்.

"இனி இந்தப் பக்கம் தலை காட்டாதை."

மறுமுனையில் போனை மெதுவாக வைத்துவிட்டார்கள்.

மறுநாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு றொஷானியின் திருத்தும் கடைக்குப் போனார். தூரத்திலிருந்து பார்ப்பதற்கான மென்பொருள் ஒன்று உள்ளே இருப்பதை அவள் கண்டுபிடித்து அழித்தாள். பாஸ்வேர்டுகளையெல்லாம் மாற்றினாள். இனி ஒருவரும் எட்டிப் பார்க்க ஏலாது என்றாள். இவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பார்த்தவன் எந்த நாட்டுக்காரன் என்று கேட்டார்.

"லண்டனுக்குள்ளதான் அங்கிள். சுஜீத் எண்ட பேரில. ஒண்டும் எடுக்கேல்லை. பின்னேரங்களில கமராவைத் திறந்து கொஞ்ச நேரம் பாத்திட்டுப் போயிருக்கிறார்."

சபாரத்தினத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பா சாப்பிடுகிறாரா என்று பார்த்திருக்கிறான். திடீரென்று எல்லாம் இருட்டாகிப் போக, என்னவோ ஏதோ என்று பதறிப் போன் எடுத்திருக்கிறான். பெற்றவருக்கு அந்த மூச்சு அடையாளம் தெரியவில்லை.

"அதைத் திருப்பிப் போட ஏலுமோ பிள்ளை?"

"அவர்தான் போடவேணும் அங்கிள். அவரைக் கேளுங்கோ."

கேட்க நம்பர் இல்லை. மகனை விரட்டிய அன்றைய வீறாப்பில் அதை அழித்தவரும் இவரேதான்.

வீட்டுக்கு வந்து பொட்டை உரித்தார். சவரம் செய்து, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல கம்ப்யூட்டருக்கு முன்னால் தட்டை வைத்துச் சாப்பிட்டார். பச்சை வெளிச்சம் எரியவில்லை.