செவ்வாயில் ஒரு குடைத்துணி

தைவானில், எங்கள் கீலுங் ஊரில் துணி காயாது. மாடியில் போட்டாலும் காயாது, மின்விசிறிக்கு அடியில் போட்டாலும் காயாது. மழை நின்ற நாளில்கூடக் காற்று ஈரமாகத்தான் இருக்கும். அதனால்தான் துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் சந்தில் யுன்சி அக்காவின் சலவைக் கடைக்கு எப்போதும் கூட்டம். ஒரு பக்கம் வாஷிங் மெஷின்கள், எதிர்ப்பக்கம் டிரையர்கள், நடுவில் துணி மடிக்கிற பெரிய மேசை. அந்த மேசையின் மூலையில், சூடு ஆறாத போர்வைகளுக்கு நடுவே, ஒரு லேப்டாப் திறந்தே கிடக்கும். அதன் திரையில் செவ்வாய்க் கிரகம். ஒரு சொட்டு மழை பார்க்காத ஊர்.

நான் முதல் தடவை ஈரத்துணி மூட்டையோடு போய் நின்றபோது அக்கா தலையைத் தூக்கவே இல்லை.

"அந்த டிரையர்ல சூடு பத்தாது, பக்கத்துல போடு. போட்டுட்டு இங்க வா, ஒரு மலை காட்டுறேன்" என்றாள்.

போனேன். காட்டினாள். அன்றிலிருந்து என் துணிகள் தேவைக்கு மேல் சுத்தமாக இருக்கின்றன.

முழுப் பெயர் ஃபாங் யுன்சி. நாற்பதைத் தாண்டியவள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். சலவைக் கடைக்கு முன்னால் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் பல வருஷம் வேலை பார்த்தாள். மணப்பெண்ணின் மருவை எடுப்பது, மாமியாரின் தொப்பையைக் குறைப்பது, மாப்பிள்ளைக்கு முடி வளர்ப்பது, மழையில் எடுத்த படத்துக்கு வெயில் போடுவது எல்லாம் அவள் வேலை. "தைவான்ல பாதிப் பேருக்கு நான்தான் மூக்கு வச்சேன்" என்பாள். ஒருநாள் ஒரு ஜோடி ஆல்பத்தை வாங்கிப் புரட்டிவிட்டு, "இது யாரு?" என்று தங்கள் படத்தையே காட்டிக் கேட்டார்களாம். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கு அவள் வந்தது தற்செயலாக. அங்கே ஊர்ந்து திரியும் ரோவர் என்கிற ஆளில்லா வண்டி எடுக்கிற படங்கள் துண்டு துண்டாகப் பூமிக்கு வருகின்றன. வந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். மங்கலாக, நிறம் கோணலாக, ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடக்கும். உலகம் முழுக்கச் சில பைத்தியங்கள் அவற்றை எடுத்து, வெளிச்சம் சரிசெய்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, ஒரு முழு நிலப்பரப்பாகத் தைத்துவிடுகிறார்கள். சம்பளம் கிடையாது. யுன்சி அக்கா அந்தப் பைத்தியங்களில் ஒருத்தி. இப்போது நானும்தான், ஆனால் இது அவள் கதை.

அவளுடைய குழுவில் ஹுவாலியனில் ஒரு பல் டாக்டர், ஒசாகாவில் ஒரு ரயில் ஓட்டுநர், இன்னும் சிலர் இருக்கிறார்கள். நாள் பூராவும் சண்டை. வானம் பழுப்பா வெண்ணெய் நிறமா என்று ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று. வராத துண்டை வரையக் கூடாது. செவ்வாயிலிருந்து வரும் வழி குறுகல். அவசரமான படம் முதலில் வரும், மற்றது காத்துக் கிடக்கும், சிலது வராமலே போய்விடும். அப்படி விட்டுப்போன இடத்தைக் கறுப்பாகவே விட்டுவிட வேண்டும். அந்தக் கறுப்புக்குக் குழுவில் "கிண்ணம்" என்று பெயர். புத்தாண்டுக்கு முந்தின விருந்தில், வீட்டுக்கு வர முடியாதவருக்கும் ஒரு கிண்ணமும் சாப்பிடுகிற குச்சியும் எடுத்து வைப்பது எங்கள் ஊர் வழக்கம், அதே கிண்ணம்.

போன வசந்தத்தில் பேட்டைத் தலைவர் பெங் சமூகக் கூடத்தைப் புதுப்பித்தார். எல்லாம் முடிந்த பிறகும் உள்சுவர் ஒன்று மட்டும் பூஞ்சை பூத்து நின்றது. எத்தனை பூச்சு அடித்தாலும் திரும்பப் பூத்தது. மறைக்க ஒரு பெரிய படம் வேண்டும். ஒரு சுவிட்சர்லாந்து ஏரியை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார், அன்னப்பறவை சகிதம்.

அந்தச் சமயத்தில்தான் ரோவர் ஒரு மேட்டின் உச்சியில் ஏறி நின்று, தலையைச் சுற்றிலும் திருப்பிப் பார்த்து ஒரு நீளப் படம் எடுத்திருந்தது. கீழே அகலமான சமவெளி, ஓரத்தில் மடிந்து மடிந்து மலைகள். அக்கா அதைத் தைத்துக்கொண்டிருந்தாள். தன் போர்வைக்காகக் காத்திருந்த பெங் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது நீ பண்ணதா?"

"நான் ஒட்டினேன், அவ்வளவுதான் தலைவரே. பண்ணது வேற யாரோ."

"வானம் ஏன் இப்படி அழுக்கா இருக்கு? நீலமாக்கிடேன்."

"அங்க நீலம் இல்ல."

"ஊர்க்காரங்களுக்குத் தெரியவா போகுது!"

"எனக்குத் தெரியுமே."

பெங் சிரித்துவிட்டார். சுவர் அவளுக்கு என்று அன்றே முடிவானது. அக்கா செய்த எந்தப் படமும் அதுவரை திரையை விட்டு வெளியே வந்ததில்லை. அன்று மாலை அவள் கண்ட டிரையரையெல்லாம் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உள்ளே துணியே இல்லை.

ஒரே ஒரு சிக்கல். வலப்பக்கம், அடிவானம் வருகிற இடத்தில், ஒரு துண்டு வரவில்லை. அக்கா காத்துப் பார்த்தாள். திறப்பு விழா நெருங்கியது. வழக்கப்படி அந்த இடத்தைக் கறுப்பாகவே விட்டு பிரின்ட் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

விழாவுக்கு முந்தின மதியம் படம் வந்தது. நான், அக்கா, பெங் மூவரும் ஏணி போட்டு ஒட்டினோம். மீன் உருண்டை விற்கிற ஹூ அம்மா நடுக்கூடத்தில் நின்று, "இடது பக்கம் தூக்கு, இன்னும் தூக்கு, ஐயோ சொன்னா கேளேன்!" என்று மேற்பார்வை பார்த்தாள். ஒட்டி முடித்துப் பின்னால் வந்து பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே ஒரு முழு கிரகம் காய்ந்து கிடக்கிறது!

அக்கா சுவருக்கு அருகில் போனாள். விரலை ஒரு கல்லின் மேல் வைத்தாள். ஒரு பக்கம் பல் பட்டது போல இருக்கும் உருண்டைக் கல். அதற்கு அவள் வைத்த பெயர் கடிச்ச பன். பிறகு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நடந்து இன்னொரு கல்லைத் தொட்டாள்.

"இங்க இன்னொரு கடிச்ச பன் இருக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கறுப்பு இல்லை! கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் தரை இருந்தது, கல் இருந்தது, வானம் இருந்தது. அக்கா பிரின்ட் கடைக்காரன் குவெய்க்கு போன் போட்டாள், ஸ்பீக்கரில்.

"ஆமாக்கா, பாத்தீங்களா? படத்துல பெரிய ஓட்டை ஒண்ணு இருந்துச்சு. பக்கத்துல இருந்து கொஞ்சம் எடுத்து அடைச்சுட்டேன். ஒட்டு தெரியுதா? தெரியாதே! காசெல்லாம் வேணாம்க்கா, நம்ம பேட்டைக்குன்னு பண்ணது."

குரலில் அவ்வளவு சந்தோஷம். அக்காவால் திட்டக்கூட முடியவில்லை. "நல்லாத்தான் அடைச்சிருக்கே குவெய்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"அப்புறம் என்ன? அருமையா இருக்கு" என்றார் பெங்.

"தலைவரே, அந்த இடம் பொய்."

"எவ்வளவு பெரிய சுவர்! அதுல ஒரு ஜன்னல் அளவு. யார் போய்ப் பாக்கப் போறாங்க?"

"ஸ்டுடியோல இதைத்தான் சொல்லுவாங்க. ஒரு மருதானே, யார் பாக்கப் போறாங்கன்னு." அக்கா போனைப் பைக்குள் திணித்தாள். "கறுப்பா மூடணும். இல்லன்னா இது என் படமில்ல, கழட்டிடுங்க."

"விழாவுக்கு மாவட்ட ஆபீஸ்ல இருந்து ஆள் வராங்க! சுவத்துல கறுப்பா ஓட்டைய வச்சுக்கிட்டு நிக்கச் சொல்றியா? அதுக்கு நான் ஏரியையே போட்டுட்டுப் போயிடுவேன். அன்னப்பறவை என்னை எதிர்த்துப் பேசாது!"

அக்கா விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். போயேவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தலை நனைந்து திரும்பி வந்தாள், கையில் ஒரு கறுப்புத் துணி. கடையில் யாரோ மறந்துவிட்டுப்போன, கம்பி முறிந்த குடை. அதன் துணியைப் பிரித்து, நடுவில் தைத்துச் சதுரமாக்கியிருந்தாள். யாரையும் கேட்காமல் ஏணியில் ஏறினாள்.

"இறங்கு யுன்சி! நான் தலைவரா நீ தலைவரா?"

"ஏம்ப்பா பெங், சும்மா கத்தாதே" என்று ஹூ அம்மா குறுக்கே வந்தாள். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், அதனால் அவளுக்கு அவரிடம் பயமே கிடையாது. "ஏம்மா யுன்சி, வராததுக்குத்தான் அந்தக் கறுப்பா? எதோ கிண்ணம்னு சொல்லுவியே."

"ஆமாம்மா."

"என் பையன் கப்பல்ல இருக்கான். புத்தாண்டு விருந்துக்கு வரல. அவன் இடத்துல கிண்ணம்தான் வச்சேன்." பெங்கின் பக்கம் திரும்பினாள். "நாற்காலி காலியா இருக்கேன்னு பக்கத்து வீட்டுப் பையனைப் புடிச்சு உக்கார வச்சேனா? வச்சுட்டு, யாருக்குத் தெரியப் போகுதுன்னு சொன்னேனா?"

ஹூ அம்மாவின் பையன் கப்பலேறிய நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகம்வரை போனவர் பெங்தான். சுவரைப் பார்த்தார். பிறகு போய் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"கோணலா ஒட்டாதே" என்றார்.

விழாவில் எல்லோரும் நேராக அந்தக் கறுப்புக்குத்தான் போனார்கள்! மலையைப் பார்த்தார்கள், "ஓ" என்றார்கள், அடுத்த நிமிஷம், "இது என்ன?" மாவட்ட ஆபீஸ் அம்மாவும் அதையே கேட்டார். பெங் நெஞ்சை நிமிர்த்தி, "அந்தத் துண்டு இன்னும் வழியில இருக்குங்க. வந்ததும் ஒட்டுவோம்" என்றார். அக்கா என் கையைக் கிள்ளினாள். வலித்தது.

அதற்கப்புறம் பேட்டை முழுக்க ஒரே விசாரணை. சந்தையில் மீன் வாங்கினால் "வந்துச்சா?" டிரையரில் துணி போட்டால் "வந்துச்சா?" சிலர் பந்தயம்கூடக் கட்டினார்கள், உள்ளே மலையா பள்ளமா என்று. ஹூ அம்மா, "வரலன்னாலும் பரவால்லம்மா, கிண்ணம் இருக்குல்ல" என்று அக்காவைத் தேற்றுவாள். தேற்றிவிட்டு அவளே முதலில் கேட்பாள், "இன்னிக்குப் பாத்தியா?"

ஒரு சாயங்காலம் குப்பை வண்டி தன் மெட்டைப் பாடிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தது. எல்லோரும் பையும் குடையுமாக வாசலில் நின்றோம். அப்போது சலவைக் கடைக் கதவு படாரென்று திறந்தது. யுன்சி அக்கா ஓடி வந்தாள். குடை இல்லை, குப்பை இல்லை. லேப்டாப்பைத் துண்டால் போர்த்திக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!"

குடைகள் எல்லாம் ஒன்றுகூடி அவள் தலைக்கு மேல் ஒரு கூரையாகிவிட்டன. நான் எட்டிப் பார்த்தேன். சமவெளி, வெளிறிய வானம். அவ்வளவுதானா என்று நினைக்கும்போது அக்காவின் விரல் ஒரு இடத்தில் நின்றது. அடிவானத்துக்குச் சற்றுக் கீழே ஒல்லியாக, லேசாகச் சாய்ந்து, ஒரு வெண்கோடு.

"அழுக்கா?" என்றார் பெங்.

"நானும் லென்ஸ்ல தூசின்னுதான் நெனச்சேன். இல்ல. அடியில நிழல் விழுந்திருக்கு, பாருங்க. பல் டாக்டரும் பாத்துட்டாரு. சுழிக்காத்து! புழுதியைத் தூக்கிக்கிட்டு ஓடுது! பக்கத்துத் துண்டுல இது இல்லவே இல்ல. அதை எடுக்கறப்ப இவன் இன்னும் வந்து சேரல."

அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். அவ்வளவு பெரிய படத்தில் அசைகிற பொருள் அது ஒன்றுதான். குவெய் அடைத்ததை அப்படியே விட்டிருந்தால், அது இரண்டாவது கடிச்ச பன்னுக்குப் பின்னால் மறைந்து போயிருக்கும்.

"நான் அப்பவே சொன்னேன், அந்த இடத்தை மூடி வைன்னு" என்றார் பெங், கூசாமல். ஹூ அம்மா குப்பைப் பையால் அவர் முதுகில் ஒன்று போட்டாள். வண்டி அதற்குள் மெட்டோடு அடுத்த சந்துக்குப் போயிருந்தது. அன்று எங்கள் சந்தில் யாருமே குப்பை போடவில்லை.

புதுத் துண்டைக் குவெய் இலவசமாக அச்சடித்துத் தந்தான், ஒரு தூசியைக்கூடத் தொடாமல். தொடவில்லை என்று மூன்று பேரிடம் சத்தியம் செய்தான். பெங்கே ஏணியில் ஏறிக் குடைத்துணியைக் கழற்றி அதை ஒட்டினார். இறங்கி வந்து பார்த்துவிட்டு, "இது மட்டும் ஏன் கொஞ்சம் சிவப்பா இருக்கு?" என்றார்.

"தனியா அச்சடிச்சதுல்ல. பின்னாடி வந்த விருந்தாளி, வேற சட்டை போட்டுட்டு வந்திருக்கான், விடுங்க" என்றாள் அக்கா.

ஒட்டு இப்போதும் தெரிகிறது. நீங்கள் வந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும்.

மறுவாரம் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். நனைந்துபோன ஒரு மனிதர் தலையை நீட்டினார்.

"இங்க ஒரு கறுப்புக் குடைய மறந்து வச்சுட்டுப் போனேன். இருக்குதா?"

அக்கா மேசைக்கு அடியிலிருந்து துணியை எடுத்து உதறி, நான்காக மடித்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"மன்னிச்சுக்கோங்க, கம்பி போச்சு. ஆனா இது இப்ப சாதாரணத் துணி இல்லங்க. மழையே இல்லாத ஊருக்குப் போயிட்டு வந்திருக்கு."