எப்சிபாவின் மூன்றடி வயர்

காபித் தம்ளரை நீட்டிக்கொண்டு ஒருவர் முன்னால் நிற்பதை எப்சிபா கவனிக்கவே மாட்டாள். அவளுடைய கட்டைவிரல் மடிக்கணினியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போகும். இடது பக்கம் முடிந்ததும் கணினியைத் திருப்பி வலது பக்கம். வயர் செருகுகிற ஓட்டை வரும் இடத்தில் விரல் நிற்கும், நகத்தால் ஒருமுறை கீறிப் பார்க்கும். பிறகு தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே டார்ச் அடிப்பாள். பல் டாக்டர் தோற்றுப்போவார். நிமிரும்போது காபி ஆறிப்போயிருக்கும். அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ரெண்டு ஓட்டதான் இருக்கு. ரெண்டும் ஒண்ணு போல இருக்கு. அதான் வயித்தக் கலக்குது" என்பாள். வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்குத் திரை வாடகைக்குப் பேச வந்தவள் எதற்காக இப்படிப் பயப்படுகிறாள் என்று அவர்களுக்கு விளங்காது.

சங்கரன்கோவிலில் திருவேங்கடம் சாலையில் ஒற்றை ஷட்டர் கடை. விசேஷ வீடு, பள்ளிக்கூட ஆண்டுவிழா, சபைக் கன்வென்ஷன் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் பெரிய திரை அங்கிருந்துதான் போகிறது. கணவர் ராஜதுரை லோடு வண்டி ஓட்டுவார், கனமானதைத் தூக்குவார், திரையை நிமிர்த்தி நிறுத்திவிட்டு வண்டிக்குள் போய்க் காலை நீட்டிவிடுவார். வயர் இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். அது முழுக்க எப்சிபாவின் ராஜ்ஜியம். நாற்பத்திரண்டு வயது. சுடிதாருக்கு மேலே ராஜதுரையின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டியிருப்பாள்; மேடைக்கு அடியில் தவழ்ந்து போக அதுதான் தோதாம். சட்டைப்பையில் டார்ச், கறுப்பு டேப், ஒரு சின்ன டப்பாவில் ஓமம். ஓமம் வயிற்றுக்கு. பயம் வந்தால் அவளுக்கு முதலில் சொல்வது வயிறுதான்.

அவளுடைய பயத்துக்குப் பெயர் உண்டு. நோ சிக்னல். நீலத் திரையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அந்த இரண்டு சொற்கள் மட்டும் வந்து, அங்கும் இங்கும் மிதந்துகொண்டிருக்கும். அறுநூறு பேர் அதைப் பார்ப்பார்கள். பிறகு அறுநூறு தலைகளும் திரும்பி அவளைப் பார்க்கும்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்த புதிதில் இவ்வளவு பயம் இல்லை. அப்போது கணினிக்கும் திரைக்கும் நடுவே நீல மூக்கு வைத்த தடித்த வயர். இரண்டு பக்கமும் திருகாணி. திருகிவிட்டால் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் மிதித்துக்கொண்டு ஓடினாலும் கழன்று வராது. அடுத்து எச்.டி.எம்.ஐ. வந்தது. தட்டையானது, திருகாணி கிடையாது. ஒரு மாதம் அதைத் திட்டினாள், பிறகு பழகிக்கொண்டாள். இப்போது டைப்-சி. போனுக்குச் சார்ஜ் போடுகிற அதே குட்டி ஓட்டைக்குள் கரண்டும் போகிறது, ஃபைலும் போகிறது, படமும் போகிறது. எல்லா ஓட்டையிலும் படம் போகாது என்பதுதான் சங்கடம். சில கணினியில் இடது ஓட்டையில் மட்டும் படம் வரும், சிலவற்றில் எதிலுமே வராது. வயரும் அப்படித்தான். சார்ஜுக்கு மட்டும் ஆன வயரும் படம் கொண்டுபோகிற வயரும் கூடப்பிறந்ததுபோல் ஒரே சாடையில் இருக்கும்.

"முன்னால எல்லாம் தப்பான வயரு உள்ளயே போவாது. போச்சுன்னா படம் வந்துரும். இப்ப எந்த வயர எங்கன சொருவுனாலும் போயிருது. போயிட்டுச் சும்மா கெடக்கு" என்பாள். வாயை மூடிக்கொண்டு கிடக்கிற வயரைப் பற்றி அவள் பேசும்போது குரல் தணிந்துவிடும்.

போன வருஷம் ராயகிரிப் பக்கம் ஒரு கிராமத்து சபையில் ஒரு தாயாரின் அடக்க ஆராதனை. வெளிநாட்டில் இருக்கிற ஒரே மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் திரையில் வந்து அம்மாவுக்கு இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்று ஏற்பாடு. யாரோ ஒரு புதுக் கணினியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் இருந்த ஓட்டை படம் கொடுக்கிற ஓட்டை இல்லை என்பது எப்சிபாவுக்கு அப்போது தெரியாது. செருகினாள், கழற்றினாள், திருப்பிச் செருகினாள். பன்னிரண்டு நிமிஷம் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கல்லறைத் தோட்டம் தூரம். குருவானவர் தலையசைத்தார், பெட்டியை மூடிவிட்டார்கள். கணினிக்குள் அந்த மகன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எப்சிபா ஒருத்திதான் அதைக் கேட்டாள்.

யாரும் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதற்கு முன்பெல்லாம் அவள் பதறும்போது ராஜதுரை, "ஏட்டி, படம் வரலன்னா என்ன, உசுரா போயிரப் போவுது" என்று சிரிப்பார். அந்த அடக்கத்துக்குப் பிறகு அவரும் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டார்.

அன்றிலிருந்துதான் இந்தக் கட்டைவிரல் பரிசோதனை. விசேஷத்துக்கு முதல் நாளே போய்க் கணினியைப் பார்த்துவிடுவாள். போக முடியாத ஊர் என்றால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வாள். இளையரசனேந்தலில் இருந்து ஒருவர் கணினியைக் கட்டிலில் சாய்த்து வைத்து, பின்னால் திரைச்சீலை எல்லாம் வைத்து, முன்பக்கமாகப் பதினோரு போட்டோ அனுப்பியிருந்தார். எப்சிபா அந்தப் பதினொன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஓட்டை தேடினாள்.

கடைசியில் துணிந்து, அந்தப் புது ஓட்டை வைத்த அறுபத்தைந்து அங்குலத் திரையையே வாங்கிவிட்டாள். நடுவில் அடாப்டர் டப்பா எதுவும் வேண்டாம். கணினியில் ஒரு முனை, திரையில் ஒரு முனை, ஒரே வயர். நல்ல வயர் நீளமாகக் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, சென்னையில் சொல்லி வரவழைத்தாள். மூன்றடி நீளம், கறுப்பு, தடிப்பாக, விறைப்பாக இருக்கும். சேலைகளுக்கு நடுவே வைத்து பீரோவைப் பூட்டினாள்.

கடையநல்லூரில் எப்சிபாவுக்குத் தனி மவுசு. நிக்காஹ் கீழே ஆண்கள் பக்கம் நடக்கும், பெண்கள் மாடியில் இருந்து திரையில் பார்ப்பார்கள். பெண்கள் பக்கம் படம் நின்றுபோனால் மெக்கானிக் உள்ளே வரமுடியாது. படியில் நின்றுகொண்டு யாரையாவது விட்டு, "சிவப்பு பட்டன அமுக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். எப்சிபா என்றால் நேரே உள்ளே போய்விடலாம். அதனால்தான் பாஜிலா அவளைத் தேடி வந்தாள். பாஜிலா கல்யாணப் பெண்ணின் சாச்சி, சித்தி முறை. பெண் ஜன்னத்துல் பிர்தௌஸ். அவளுடைய வாப்பா மம்மது சவூதியில் தம்மாமில் இருக்கிறார். அங்கே தங்குவதற்கான இகாமா அட்டை புதுப்பிக்காமல் இழுபறியாகி, நாலு வருஷமாக ஊருக்கு வரமுடியவில்லை. மகளின் நிக்காஹுக்கும் வரமுடியாது. பெண்ணின் சார்பில் பேசுகிற வக்கீலாக அவர் தம்பி உட்காருவார். மம்மது பார்க்க மட்டும் செய்வார், திரை வழியாக. "அவ வாப்பாவப் பெருசாப் பாக்கணும்ங்கா, யக்கா. போன்ல பாத்துப் பாத்து அலுத்துட்டாளாம்" என்றாள் பாஜிலா. எப்சிபா ஓம டப்பாவைத் திறந்தாள்.

பெண்ணின் அண்ணன்காரன் துபாயில் இருந்து கொண்டுவந்த கணினி, சீப்பு மாதிரி மெலிசு. முதல் நாளே போய்த் தடவிப் பார்த்தாள். இடது ஓட்டையில் படம் வந்தது. நிக்காஹ் அன்று காலையிலும் வந்தது. மாடி மண்டபத்தில் திரையை நிறுத்தி, மூன்றடி வயரைப் பூட்டி, தம்மாமைக் கூப்பிட்டார்கள். மம்மது திரை நிறைய வந்து நின்றார். புதுச் சட்டை, தொப்பி, பின்னால் சோப்புப் பெட்டிகள் அடுக்கிய கடை அறை. பெண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஸலாம் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததாலேயே எப்சிபாவுக்கு வயிறு புரட்டியது. மாற்று வயர்ப் பையை வண்டியிலேயே விட்டுவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரே வயர்தானே, பை எதற்கு என்று அன்றைக்கு ஒருநாள் நினைத்துவிட்டாள். நிக்காஹுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்றார்கள். ஐந்தே நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று பாத்ரூமுக்கு ஓடினாள்.

திரும்பி வரும்போது திரை நீலமாக இருந்தது. பெட்டிக்குள் அந்த இரண்டு சொற்கள்.

கணினியைப் பார்த்தாள். அதில் மம்மது இருக்கிறார், உதடு அசைகிறது. வயரின் இந்த முனை செருகியிருக்கிறது. அந்த முனை செருகியிருக்கிறது. திரைக்குக் கரண்ட் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது, படம் மட்டும் இல்லை. கழற்றிச் செருகினாள். திரும்பவும் கழற்றிச் செருகினாள். ராயகிரி சபையின் அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் அவள் காதுக்குள் ஓடத் தொடங்கியது. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கீழே மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

பிறகுதான் கண்ணில் பட்டது. திரை, அவள் வைத்த இடத்தில் இல்லை. நாலடி பின்னால் இருந்தது. வயர் தரையில் வெள்ளையாக நீண்டு கிடந்தது.

"தூண் மறைக்குன்னு பின்னால உள்ளவங்க சொன்னாங்கக்கா. தள்ளி வச்சோம், உங்க வயரு எட்டல. எங்ககிட்ட நீளமா சார்ஜர் வயரு ஒண்ணு இருந்துச்சு, மாத்திட்டேன்" என்றாள் பாஜிலா. உபகாரம் செய்த முகம் அவளுக்கு. "ரெண்டும் ஒண்ணுதானே?"

கறுப்பு வயர் எங்கே என்று எப்சிபா வாயால் கேட்கவில்லை. கையால்தான் கேட்டாள். பாஜிலா சுவரோரத்தைக் காட்டினாள். அங்கே ஒரு நீள மேசை. கல்யாணத்துக்கு வந்த பெண்களின் போன்கள் எல்லாம் அதில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. நாற்பது போன், நாற்பது வயர், அதில் பாதி கறுப்பு. எப்சிபா ஓடினாள். ஒன்றைப் பிடித்து இழுத்தாள், மெலிசு. இன்னொன்று, அதுவும் மெலிசு. பையை எடுத்துவரச் சொல்லி ராஜதுரைக்குப் போன் போட்டாள். மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வந்ததால் வண்டியை பஜார் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். "இந்தா வாரேன்" என்றார். அவர் குரலும் சரியில்லை. கீழே நிக்காஹ் நடத்துகிற ஹஜ்ரத், அதற்கு முன்னான குத்பா உரையை ஓதத் தொடங்கிவிட்டார். அது முடிந்தால் சம்மதமா என்று ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான். திரும்ப ஒருமுறை யாரும் நிக்காஹ் செய்யமாட்டார்கள்.

கையிலிருந்த வயரைக் கீழே போட்டாள். மேசையை விட்டுத் திரும்பி நேரே கணினியிடம் போனாள். வெள்ளை வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு ஜன்னத்துல் பிர்தௌஸ் முன்னால் போய் முழங்காலிட்டாள். இரண்டு உள்ளங்கையிலும் அதை ஏந்தி, பெண்ணின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பெரிய திரை பின்னால் நீலமாகவே நின்றது. பெண்கள் எழுந்து வந்து மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். எப்சிபாவுக்குக் கணினியில் வந்த முகம் தெரியவில்லை. கணினியின் முதுகுதான் தெரிந்தது, அதற்கு மேலே அந்தப் பெண்ணின் கண்கள் தெரிந்தன. சத்தம் மட்டும் கேட்டது, சின்னதாக, தகரத்துக்குள் இருந்து வருவதுபோல்.

"ஏம்மா, நெட்டு சரியில்லையா?" என்றார் மம்மது. "ஓம் மூஞ்சி நிக்க மாட்டேங்கு. ஆடிக்கிட்டே இருக்கு மக்கா, ஒண்ணும் பாக்க முடியல."

நெட் நன்றாகத்தான் இருந்தது. ஆடியது எப்சிபாவின் கை. மணிக்கட்டை இறுக்கிப் பார்த்தாள், மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், முழங்கையை விலாவோடு ஒட்டிப் பார்த்தாள். எதற்கும் நடுக்கம் நிற்கவில்லை. கீழே மைக்கில் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சம்மதமா என்று கேட்டார்கள்.

ஜன்னத்துல் பிர்தௌஸ் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முக்காட்டுக்குள்ளிருந்து மருதாணிக் கை இரண்டையும் வெளியே எடுத்து, முன்னால் நீட்டி, எப்சிபாவின் மணிக்கட்டுகளுக்கு அடியில் கொடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.